தனி வரிசை

"இதையும் சரின்னு சொல்ல முடியாது" என்று அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

அவன் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "எங்க தப்பு?"

"அதே தப்புதான். சட்டையை மட்டும் மாத்திக்கிட்டு வந்திருக்கு."

நோயாளியின் கட்டிலருகே நின்று சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவி அது. அதற்குள் ஓடும் கர்னலில், அதாவது இயங்குதளத்தின் அடிவயிற்றில், அவன் எழுதிய பகுதி சேர வேண்டும். சேர்ப்பவர் தலைவர். ஆனால் இவள் வாயிலிருந்து "சரி" வந்தால்தான் சேர்ப்பார். அலுவலகத்தில் இவளுக்குச் சல்லடை என்று பெயர். ஒரு தூசி தப்பாது.

அந்தச் சல்லடை இப்போது வேறு ஊரில் வேறு வேலைக்குப் போகிறாள். போகிறவர்கள் கையில் இருப்பதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அவள் கையில் மிச்சம் இருந்தது இவன் எழுதியது ஒன்றுதான். தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மேசையைத் துடைத்துக் காலியாக்கிவிட்டாள். தினமும் இவன் பக்கத்தில் உட்கார்ந்து இவன் திரையிலேயே படித்தாள். அந்தக் காலி மேசையைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு ஒரே கேள்விதான். கிளம்ப அப்படி என்ன அவசரம்?

"இங்க பாருங்க. கருவியோட கேபிளைப் பிடுங்கினதும், எல்லாத்தையும் முடிச்சு வைக்கற இந்த வேலை பொது வரிசைல போய் நிக்குது. அதோட முறை வருது, கர்னல் கூப்பிடுது. கூப்பிட்டதும் இது என்ன சொல்லுது?"

"வரிசைல இருக்கற எல்லாம் முடியட்டும், அப்புறம் நான் முடிக்கறேன்னு சொல்லுது."

"அந்த எல்லாத்துல இதுவும் ஒண்ணு. டிக்கெட் கவுன்ட்டர்ல முதல் ஆளா நின்னுக்கிட்டு, இந்த வரிசை மொத்தமும் கலைஞ்சாத்தான் நான் டிக்கெட் வாங்குவேன்னு ஒருத்தன் சொன்னா என்ன ஆகும்?"

"பின்னால நிக்கறவன் அடிப்பான்."

"கர்னல்ல அடிக்கறதுக்கு ஆளில்ல. எல்லாரும் மரியாதையா நின்னுக்கிட்டே இருப்பாங்க. மருந்துதான் நின்னுடும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்காததால் அடக்கிக்கொண்டான்.

"நம்ம வேலைகளுக்குன்னு ஒரு தனி வரிசை போடுங்க. காத்திருக்கணும்னா அது ஒண்ணுக்கு மட்டும் காத்திருங்க, அதுவும் வெளியில நின்னு. போன தடவையும் இதைத்தான் சொன்னேன். அதுக்கு முன்னாடியும் இதைத்தான் சொன்னேன்."

"மறந்துட்டேன்."

"நீங்களா?" அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியாமப் பண்ற தப்பு இருந்த இடத்துலயே இருக்கும். இது ஒவ்வொரு தடவையும் வேற ஃபைல்ல போய் ஒளிஞ்சுக்குது. இன்னிக்கு அப்பாவியா ஒரு பேரையும் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. புதுசா சேர்றவங்களுக்கு இந்தப் பாடத்தை எடுக்கறதே நீங்கதான். என்கிட்டயா மறந்துட்டேன்னு சொல்றீங்க?"

அறையின் அந்தக் கோடியில் வாசல் செக்யூரிட்டி ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார். அவன் வசமாக மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டது ஒரு வகையில் நிம்மதியாகவும் இருந்தது.

கையை நீட்டி வேறொரு ஃபைலைத் திறந்தான். "சரியானது இருக்கு. ரெண்டு வாரமாவே இருக்கு."

அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தனி வரிசை இருந்தது. காத்திருப்பு வெளியில் இருந்தது. சல்லடையில் நிற்க ஒரு தூசிகூட இல்லை.

"அப்புறம் ஏன் இப்படி?"

"இது முடிஞ்சா நீங்க போயிடுவீங்க." சொல்லிவிட்டான். இனி மறைக்க ஒன்றுமில்லை. "போகாதீங்கன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? நீங்களா ஏதாவது சொல்வீங்கன்னு பார்த்தேன். அதுவரைக்கும் உங்க கைல வேலை தீராம பார்த்துக்கிட்டேன்."

"சின்னப்புள்ளத்தனம்" என்றாள் அவள். குரலில் கோபம் இருந்ததா என்று அவனுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்த் தலைவரின் கண்ணாடிக் கதவைத் தட்டினாள். "இது சரியா இருக்கு சார், சேர்த்துடலாம்."

அவர் தலையாட்டி இரண்டு பொத்தான்களைத் தட்டினார். இத்தனை நாள் இழுத்துப் பிடித்தது இவ்வளவு சுலபமாக முடிந்துபோனது.

அவள் திரும்பி வந்து கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அவனும் எழுந்தான். "அப்ப, இன்னியோட உங்களை விட்டுடுவாங்க."

அவள் பையின் வாரைச் சரிசெய்தாள். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை.

செக்யூரிட்டி சாவிக்கொத்தோடு அவர்களிடம் வந்து நின்றார். "நாளைக்கும் வருவீங்களாம்மா? போன வெள்ளிக்கிழமையே உங்களை வேலையிலருந்து விட்டாச்சுன்னு கார்டை நிறுத்திட்டாங்க. தினமும் விசிட்டர்னு எழுதித்தான் உங்களுக்குக் கதவைத் திறந்துவிடறேன், அதான் கேட்டேன்."

"என்னை விடற வேலை தனி வரிசைல எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல், கைப்பையைத் திரும்ப மேசைமேல் வைத்தபடி.