மிட்சுயோவின் கோட்டுப் பாக்கெட்டுக்கு

"பாக்கெட்ல அடங்கணும். எனக்கு அது ஒண்ணுதான் முக்கியம்" என்றாள் மிட்சுயோ, மிசோ சூப்பை ஊதிக்கொண்டே. அவளுடைய ஃபிலிம் கேமரா பழுதாகி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போய்ப் பாக்கலாம்" என்றார் கணவர் கென்சாகு.

"வாங்க. ஆனா வாயத் திறக்கக் கூடாது. திறந்தீங்கன்னா, விக்காமக் கிடக்குற ஓட்டைக் கேமராவ நம்ம தலையில கட்டிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை, ஒசாகாவில் இருந்த ஒரு பழைய கேமராக் கடைக்கு கென்சாகு தனியாகத்தான் வந்தார்.

"என் சம்சாரத்துக்கும்மா. நாளைக்குக் காலையில கிளம்புறா. அதுக்குள்ள அவ கோட்டுப் பாக்கெட்ல கேமரா இருந்தாகணும்."

"அவங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றாள் கடைக்காரி தமாயோ.

"வீடு நிறைய சொந்தக்காரங்க. எனக்குக் கேமரா பத்தி ஒரு மண்ணும் தெரியாது. நான் எடுத்த படம் எதுலயும் அவளுக்குத் தலை இருக்காது. ஆல்பத்தைப் பாக்குறவங்க, ஒரே கழுத்த இத்தனை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருக்கானேன்னு நினைப்பாங்க."

தமாயோ சிரித்தபடி ஒரு கேமராவை எடுத்து வைத்தாள். "இதப் பாருங்க. டைட்டானியம் உடம்பு. லாரி ஏறினாலும் ஒண்ணும் ஆகாது."

"அப்ப வேண்டாம்மா."

"என்னது?"

"உலோகம் கூடாது."

அவள் இன்னொன்றை நீட்டினாள். "உடம்பு பிளாஸ்டிக். ஆனா லென்ஸ் அசல் கண்ணாடி. முகத்துல இருக்குற மச்சத்தைக்கூடக் காட்டிக் கொடுத்துடும்."

"கண்ணாடியும் கூடாது. பேட்டரியும் கூடாதுங்க."

"ஐயா, நீங்க கேமரா வாங்க வந்தீங்களா, என்னை வம்பிழுக்க வந்தீங்களா? எந்த விமானத்துல இவ்வளவு கெடுபிடி?"

கென்சாகு அசட்டுத்தனமாகச் சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க. வாயத் திறக்காதன்னு அவ அப்பவே சொன்னா."

தமாயோ மூலையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துப் போட்டாள். "இந்தாங்க. பிள்ளைங்க வெட்டி ஒட்டுற கேமரா. முழுக்க அட்டை. லென்ஸ் கிடையாது, ஊசி ஓட்டைதான். ஒட்டி முடிச்சாலும் இந்தப் பெட்டி அளவுதான். ஆனா நிஜமாவே படம் விழும்."

அவர் அதைத் தன் கோட்டுப் பாக்கெட்டில் வைத்துப் பார்த்தார். மேலே துருத்தாமல் அடங்கியது. முகம் மலர்ந்தது.

"இதுதாம்மா! இப்பவே ஒட்டிக் குடுங்க, ஃபிலிமும் போட்டுடுங்க. ஃபிலிம் டப்பா தகரமா?"

"பின்ன, தங்கமா?"

"அப்ப டப்பாவத் தூக்கிப் போட்டுட்டு, சுருளை மட்டும் உள்ள வைங்க."

தமாயோ தலையில் அடித்துக்கொண்டாள். "வெளிச்சம் பட்டா ஃபிலிம் செத்துடும் ஐயா! ஒரு படம்கூட விழாது! அப்புறம் அந்தம்மா விமானத்துலேர்ந்து இறங்கினதும் உங்கள என்ன பண்ணுவாங்க?"

"விமானம் இல்லம்மா" என்றார் கென்சாகு. "தகனக்கூடம். சவப்பெட்டிக்குள்ள அவகூட வைக்கிறது எல்லாம் மிச்சமில்லாம எரியணுமாம்."

தமாயோ அட்டைக் கேமராவை ஒட்டி முடித்து, ஃபிலிமோடு கறுப்புத் துணிப்பைக்குள் போட்டாள். இரு கைகளையும் உள்ளே விட்டு, வெளிச்சம் படாமல் சுருளை உருவி, அட்டைக் கேமராவுக்குள் வைத்து மூடினாள்.

அந்தச் சுருளில் மிட்சுயோ எடுக்கப்போகும் முப்பத்தாறு படங்களில் ஒன்றுகூட வீணாகவில்லை.