புகைக்குள் ஒரு தாளிப்பு

எங்கள் யாத்திரை பஸ் அந்த வடநாட்டு நகரத்தில் நின்றபோது, விடிந்து வெகுநேரமாகியும் புகைமூட்டத்தில் முன்சக்கரத்தருகே நின்றால் பின்சக்கரம் தெரியவில்லை. டீ குடிக்க இறங்கிப் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. என் மனைவி செண்பகவல்லியும்தான். அவளுக்கு வீசிங் வேறு. பெயர் சொல்லிக் கத்தினேன். இருமல்தான் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். ஊரே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. திருநெல்வேலியிலிருந்து எங்களோடு வந்த சமையல்காரர் ஆவுடையப்பன், ரசத்தில் குறை சொல்லி அவள் தினமும் மல்லுக்கு நிற்கும் மனிதர், “சத்தம் போட்டு ஆவப்போறது ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. தள்ளி நில்லுங்க” என்று அடுப்பை ரோட்டோரம் இறக்கி வாணலியில் எண்ணெயைக் காயவைத்தார். கடுகு வெடித்தது. மிளகாய் வற்றலும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் விழுந்ததும் எழுந்த புகை, அந்த ஊர்ப் புகையைத் தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனது. முதலில் ஒரு தும்மல் கேட்டது. பிறகு ஒவ்வொருவராக, மூக்கை முன்னால் நீட்டியபடி வெளியே வந்தார்கள். செண்பகவல்லி மட்டும் வரவில்லை. ஆவுடையப்பன் இன்னொரு கரண்டி எண்ணெய் ஊற்றினார். கடைசியில் மூச்சு வாங்க வந்து நின்றவள், என்னைப் பார்க்கவே இல்லை. அவரிடம், “இன்னைக்கும் பெருங்காயம் கம்மியாத்தான் போட்டிருக்கீரு” என்றாள். அவளுடைய முந்தானையை முன்பின் தெரியாத ஒரு பெண் பிடித்திருந்தாள். அந்தப் பெண்ணின் தோளை ஒரு போலீஸ்காரர், அவருடைய பெல்ட்டை ஒரு ரிக்‌ஷாக்காரர். வரிசை புகைக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. ஆவுடையப்பன் பெருங்காய டப்பாவை அப்படியே வாணலியில் கவிழ்த்தார்.