ஆறை ஒன்பதாக்கியவள்

பென்சிலால் போட்டிருந்த ஆறை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒன்பது என்று எழுதினாள் சத்யப்பிரியா. அழித்த தடம் தெரியாதபடி விரலால் ஒருமுறை தேய்த்தும் விட்டாள். மூன்றாவது கம்பெனி முதலிடத்துக்கு வந்துவிட்டது.

பன்னிரண்டு வருஷ சர்வீஸில் அவள் செய்த முதல் தில்லுமுல்லு இல்லை அது. இரண்டாவது.

ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு அவள்தான் ஐ.டி. மேனேஜர். சர்வர் படுத்துவிட்டால், கிளவுடில் வைத்திருக்கும் நகலைக் கொண்டு அரை மணி நேரத்தில் வேலையைத் தொடரச் செய்யும் கம்பெனி ஒன்றை அவள் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். நாலு மணிக்கு எம்.டி. கையெழுத்துப் போடுவார்.

காலையில் மூன்று கம்பெனிக்காரர்களும் வந்து பேசிவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக வந்தவர் நயினார். அவர் பின்னால் லேப்டாப் பையோடு நுழைந்தவனைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"அட, நம்ம ஜோயலா!" என்று எம்.டி. சிரித்தார். "பரவால்ல, சூடு கண்ட பூனை. இனிமே ஜாக்கிரதையாத்தான் இருக்கும்."

ஜோயலும் சிரித்துவைத்தான். சத்யப்பிரியாவால் முடியவில்லை.

போன வருஷம் டிசம்பர் மழையில் சர்வர் ரூமுக்குள் தண்ணீர் புகுந்தது. பேக்கப்பைத் திறந்து பார்த்தால் கடைசி நாற்பது நாள் பதிவே இல்லை. நாலு நாள் உற்பத்தி லைன் நின்றது. காண்ட்ராக்ட் தொழிலாளர்களைக் கூலி இல்லாமல் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

பேக்கப் பதிவாகவில்லை என்று தினமும் எச்சரிக்கை மெயில் வந்திருந்தது. வந்தது சத்யப்பிரியாவுக்கு. தினம் இருநூறு மெயிலில் இது வேறு தொல்லை என்று, திறக்காமலே தனி ஃபோல்டருக்குப் போகும்படி வைத்திருந்ததும் அவள்தான்.

விசாரணையில் அவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "டெய்லி செக் பண்ண வேண்டியது ஜோயல், சார்." மறுநாள், அவளுக்குக் கீழே வேலை பார்த்த ஜோயலுக்கு வேலை இல்லை. அந்த ஃபோல்டரும் இல்லை.

இன்று காலை நயினார் கம்பீரமாகத்தான் பேசினார். "எங்க சென்டர் தண்டலம் பக்கத்துல சார். மழையில அதுவும் முழுகிடுச்சுன்னாக்கூட ஐதராபாத்ல ரெண்டாவது சென்டர் இருக்கு."

"அந்த நகல ஐதராபாத்ல இருந்து இப்பவே ஓட்டிக் காட்டுங்களேன்," என்றாள் சத்யப்பிரியா.

"அடுத்த வாரம் காட்டிடலாம் மேடம்." பக்கத்தில் ஜோயல் லேப்டாப்பைத் திறந்தான், எதையும் தொடாமல் மறுபடி மூடினான்.

கண்ணால் பார்க்காததற்கு இவ்வளவு போதும் என்றுதான் அவள் ஆறு போட்டிருந்தாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே தாளை மறுபடி எடுத்தாள். ஒரு மனிதனின் பிழைப்பைக் கெடுத்தவளுக்கு மூன்று மதிப்பெண் கூட்டிப்போட மனசு வராதா? ஆறு ஒன்பதானது.

மூன்றேகாலுக்குத் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, ஜன்னல் வழியே விசிட்டர் பார்க்கிங் தெரிந்தது. நயினாரின் கார் இல்லை. ஜோயல் மட்டும் தன் பைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் படியிறங்கிப் போனாள்.

"உங்களப் பாக்கத்தான் நின்னுகினு இருக்கேன் மேடம்," என்றான்.

"மொதல்ல நான் சொல்லிடறேன், ஜோயல்." காலையில் எல்லார் எதிரிலும் 'நீங்க' என்றவளுக்கு இப்போது பழைய 'நீ' வந்தது. "அந்த மெயில் எல்லாம் எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் பாக்கல. பழிய உன் தலையில கட்டிட்டேன்."

"தெரியும் மேடம்."

"தெரியுமா? அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா யார் நம்புவாங்க? நான் காண்ட்ராக்ட், நீங்க மேனேஜர்." அவன் குரலில் கோபம்கூட இல்லை, பழசாகிப்போன அலுப்புதான் இருந்தது. "ஏழு மாசம் வூட்லயே கெடந்தேன். நிச்சயம் பண்ண கல்யாணம் நின்னு போச்சு. உங்களத் திட்டாத நாள் கெடையாது மேடம்."

அவளால் நிமிர முடியவில்லை. குனிந்தபடியே தாளை நீட்டினாள். "இதப் பாரு. உங்க கம்பெனிதான் ஃபர்ஸ்ட். இப்ப எம்.டி.கிட்ட குடுக்கப் போறேன். இந்த ஆர்டர் உனக்கு முக்கியம்தானே?"

"ரொம்ப மேடம். இது கெடச்சாத்தான் பர்மனென்ட் பண்ணுவேன்னு நயினார் சார் சொல்லிகீறாரு."

"அப்ப வாங்கிக்கோ. பண்ணதுக்கு என்னால ஈடு கட்ட முடியாது. இதையாவது பண்றேன்."

ஜோயல் தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தான்.

செகண்ட் ஷிஃப்ட் பஸ் வந்து நின்றது. இறங்கிய காண்ட்ராக்ட் தொழிலாளர்களில் நாலைந்து பேர் அவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். "இன்னா ஜோயலு, திரும்ப இங்கியே வந்துட்டியா?" என்று ஒருவர் கத்தினார்.

அவன் கையை மட்டும் தூக்கிக் காட்டினான். அவர்கள் கார்டைத் தேய்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசி ஆளும் உள்ளே போன பிறகு, தாளை அவள் கையிலேயே வைத்தான்.

"ஐதராபாத்ல எங்களுக்கு சென்டரே கெடையாது. ஆர்டர எங்களுக்குக் குடுத்துடாதீங்க மேடம்."