திருப்பக் கூடாத மீன்

"திருப்பாத, தம்பி," என்றார் ஜெபதாஸ் அங்கிள்.

நான் திருப்பவில்லை. இடுக்கியைப் பிடித்திருந்த கைதான் தானாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

எடிசன் நகரில் அவர் வீட்டு பேக்யார்ட். கம்பி அடுப்பின் மேல் தலையோடு பிளந்து விரித்த பெரிய மீன். செதில்கூட எடுக்கவில்லை. செதில் பக்கம் கீழே, கல்லுப்பு மேலே. ஓரத்தில் கொஞ்சம் கணவாய் மீன்.

விறகை ஒரு மூலையில் எரித்து, உதிரும் தணலை மட்டும் மீனுக்கடியில் இழுத்துவிட வேண்டும். தீ மீனைத் தொடக் கூடாது. மசாலா கூடாது. திருப்பக் கூடாது. முக்கியமாக, "ஆச்சா?" என்று கேட்கக் கூடாது.

தூத்துக்குடிக்காரர். கப்பலில் இன்ஜினியராக இருந்தபோது அர்ஜென்டினா துறைமுகங்களில் பெற்ற ஞானம் இது.

அவர் மகள் ஷைனாவை எனக்குத் தருவதா என்று பேசத்தான் இரண்டு குடும்பமும் கூடியிருந்தது. மதம், ஜாதி எதுவும் அவர் கேட்கவில்லை. ஒரே நிபந்தனை.

"மீன் திங்காத மருமவன வச்சுக்கிட்டு ஞாயித்துக்கெழம நான் என்னத்தச் செய்ய?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்பவர்களிடம் வாதாட முடியாது.

நான் மீன் சாப்பிடுவேன் என்று ஷைனா சொல்லிவைத்திருந்தாள். நான் இதுவரை சாப்பிட்ட ஒரே மீன், மீன் வடிவ பிஸ்கட்.

குடைக்கு அடியில் என் அப்பா பத்மநாபன். இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் தோசை ஆர்டர் செய்வதற்கு முன், முட்டை தோசைக்குத் தனி தோசைக்கல்தானா என்று விசாரிப்பவர். சூப்பர் மார்க்கெட்டில் மீன் பகுதி வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு நடப்பவர். காரில் வரும்போதே சொல்லிவிட்டார்.

"அவா சாப்பிடட்டும், அது அவா இஷ்டம். நீ வாயில வச்சே, நான் எழுந்து போயிண்டே இருப்பேன்."

ஆக, சாப்பிட்டால் அப்பா எழுந்துவிடுவார். சாப்பிடாவிட்டால் அங்கிள். ஷைனா பத்திரமான தூரத்தில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் தணலை இழுத்தேன். மறுபடி தள்ளினேன். உப்புப் போட்ட மீனுக்கு உப்புப் போட்டேன். அங்கிள் என் கையிலிருந்து உப்பு டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார்.

மீனுக்காக அரைத்த சிமிசுரி என்ற அர்ஜென்டினா பச்சைத் துவையலைக் கொத்தமல்லி சட்னி என்று நினைத்து, அம்மா சப்பாத்திக்கு இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள்.

காற்று மாறியது. புகை நேராக அப்பாவிடம் போனது. மூக்கைப் பொத்திக்கொள்வார் என்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். கோபத்தை அடக்குகிறார் என்று புரிந்துகொண்டேன்.

மீனின் ஓரங்கள் வெளுத்தன. அங்கிள் குனிந்து பார்த்துவிட்டுக் கைதட்டினார். அர்ஜென்டினாவில் அடுப்பில் நின்றவனுக்குக் கைதட்டுவார்களாம். எல்லோரும் தட்டினார்கள். எனக்கு அது விடைகொடுப்பது போல இருந்தது.

மீனை அப்படியே பலகையில் சரித்து என் முன் வைத்தார்.

"நின்னவனுக்குத்தான் மொத வாய். எடு தம்பி."

ஷைனா கத்தியைக் கீழே வைத்தாள்.

ஃபோர்க்கை மீனின் நடுவில் குத்தினேன். சதையோடு ஊசி ஊசியாக ஏதோ வந்தது. வாய்வரை கொண்டுபோனேன்.

அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

வாசல் பக்கம் போகவில்லை. என்னிடம் வந்தார். என் தோளுக்கு மேல் எட்டி மீனைப் பார்த்தார்.

"அங்க முள்ளுடா," என்றார், அம்மாவுக்குக் கேட்காத குரலில். "கன்னத்துல எடு."

மீனுக்குக் கன்னம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

அப்பா சுண்டுவிரலால் சரியாக அந்த இடத்தைக் காட்டினார்.