வேண்டுதல் பொங்கல்

எடை குறைவதற்காக இரைப்பையின் பெரும்பகுதியை அறுத்தெடுத்த பின் வீடு திரும்பியிருந்த தணிகாசலம், மருந்து மூடியளவு தண்ணீரைத் துளித்துளியாகப் பருகிக்கொண்டிருந்தார். தையல் ஆறும்வரை வேறெதுவும் உள்ளே போகலாகாது, போனால் தையல் பிரிந்துவிடக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். மனைவி மாடியில் துணி உலர்த்தச் சென்றிருந்த வேளையில் அக்காள் செங்கமலம் வந்தாள். தம்பி நலமாக எழ வேண்டுமென்று அம்மனுக்குப் பொங்கலிட்டு, அதை வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள்.

“திங்கக் கூடாதுக்கா.”

“பானை பானையாத் தின்ன வாய்க்கு அம்மன் சோறு ஆகலியாக்கும்? டாக்டர் வேணாம்னது சாப்பாட்டைடா. இது பிரசாதம். வேணாம்னு சொல்லி அவ கோவத்த வாங்கிக்காத.”

அவர் எந்தப் பிரசாதத்தையும் மறுத்துப் பழகியவரல்லர். நெய் மின்னும் ஒரு கவளத்தை அவளே ஊட்டினாள். அது தொண்டையைக் கடந்து, விலா எலும்புகளுக்குக் கீழே சென்று நின்றது. பின்பு அங்கே ஏதோ ஒன்று மெல்ல நெகிழ்ந்தது. அவருடைய நெற்றியும் கழுத்தும் சில்லிட்டு வேர்த்தன.

“எப்படி வேர்க்குது பாரு. ஆத்தா உள்ள எறங்கிட்டா,” என்று அக்காள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மனைவியைக் கூப்பிடத் தணிகாசலம் வாயைத் திறந்தார், குரல் எழவில்லை. அக்காள் இரண்டாம் கவளத்தை உருட்டி எடுத்தாள்.