சமையலறை ஜன்னல்

கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கொலையாளியைப் பேசியே கண்டுபிடிக்க வேண்டிய விளையாட்டு அது. எட்டு நண்பர்கள், எட்டு ஊர்களிலிருந்து, போன் திரையில் வரும் ஒரு வீட்டுக்குள் ஆடுவார்கள். அவர்களில் கதிரேசனுக்குப் பேச்சு திக்கும். வாயைத் திறந்ததுமே, "பாரு, தடுமாறுறான், இவன்தான்" என்று ஓட்டுப் போட்டு வெளியே தள்ளிவிடுவார்கள். கொலையாளி வேறு யாராவதாக இருப்பான்.

அன்று ஜெசிந்தா புது விதி கொண்டுவந்தாள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட வேண்டும். அவராக "முடிஞ்சுது" என்று சொல்லும்வரை திறக்கக் கூடாது.

அன்றைக்கென்று பார்த்துக் கொலையாளி வேடம் கதிரேசனுக்கே வந்து வாய்த்தது. அவன் முறையில் மற்ற மைக்குகள் எல்லாம் அணைந்தன.

"நா... நான் ச... சமையலறையில இருந்தேன்" என்று தொடங்கினான். அடுப்பு, பாத்திரம், ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் என்று ஒவ்வொரு சொல்லாக இழுத்துவந்து, தன் வாழ்வின் முதல் முழுப் பொய்யை ஆற அமரச் சொன்னான். "மு... முடிஞ்சுது."

ஜெசிந்தாவின் மைக் திறந்தது. "இந்த வீட்டுச் சமையலறைக்கு ஏதுடா ஜன்னல்?"

ஏழு ஓட்டும் அவன் மேல் விழுந்தன. திக்கியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கதிரேசன் விழுந்து விழுந்து சிரித்தான். "இ... இன்னொரு ஆட்டம் போ... போடலாம்" என்றான்.

ஆட்டம்தான் முடிந்துவிட்டதே. ஆனாலும் அவன் "முடிஞ்சுது" என்று சொல்லட்டும் என்று, ஏழு பேரும் மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.