இறுதியாட்டத்துக்கு ஒரு ரப்பர்

"இது கைக்கு நல்லாத்தான் இரிக்கு நாநா. ஆனா சுழல் காணாது."

ஜெயரூபன் மட்டையை மேசையில் வைத்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, காத்தான்குடியில் நிஸ்தாரின் விளையாட்டுச் சாமான் கடை அப்போதுதான் மறுபடி திறந்திருந்தது. கடையின் பின்பக்கத்தில் ஒரு பழைய மேசைப்பந்து மேசை கிடந்தது. தான் விற்கிற ரப்பர் ஒவ்வொன்றையும் ஒரு மட்டையில் ஒட்டி அங்கே வைத்திருந்தார் நிஸ்தார். வாங்க வருகிறவர்கள் அடித்துப் பார்த்தே எடுக்கலாம்.

ஜெயரூபன் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளன். பத்து வருட வாடிக்கை. மூன்று வருடமாக மாவட்டப் போட்டியின் இறுதியாட்டத்துக்கு வந்து, மூன்று முறையும் ஒரே ஆளிடம் தோற்றவன். அந்த ஆள் சித்தாண்டி யோகராசா. பகலெல்லாம் வயலில் நிற்கிற மனிதர், மண் ஒட்டிய கையைக் கழுவிவிட்டு வந்து மட்டையைப் பிடித்தால் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பந்துக்கே தெரியாது.

நாளைக் காலை அவர்கள் இருவரும் நான்காவது தடவையாக இறுதியாட்டம் ஆடுகிறார்கள். ஜெயரூபனுக்கு அடுத்த மாதம் கொழும்புக்கு மாற்றம். இதை விட்டால் இனி இல்லை. எப்படியாவது இந்தப் பொடியன் ஒரு தடவை முதற்கிண்ணத்தைத் தூக்கிவிட வேண்டும் என்று, அவனைவிட நிஸ்தாருக்குத்தான் ஆசை அதிகமாக இருந்தது.

இரண்டாவது மட்டையை எடுத்துக் கொடுத்தார். மெத்தென்ற பஞ்சு வைத்த ரப்பர். பந்து உள்ளே புதைந்து பாய்ந்து வரும். ஜெயரூபன் நாலு பந்து அடித்துப் பார்த்தான். முகம் மலர்ந்தது. விரலாலேயே பந்தைத் தொடுகிற மாதிரி இருக்கிறது என்றான். பிறகு மட்டையை நிஸ்தாரிடமே திருப்பிக் கொடுத்து, யோகராசா அண்ணன் போடுகிற மாதிரிப் பக்கச் சுழலோடு ஐந்தாறு பந்து போடச் சொன்னான்.

இளமையில் நிஸ்தாரும் ஆடியவர்தான். சரி, வந்த இடத்தில் பயிற்சியும் எடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போட்டார். ஜெயரூபன் தன் பழைய மட்டையால் ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் திருப்பிவிட்டான்.

"இது எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?"

மூன்று மாதத்தில் மேற்பரப்பு வழுக்கத் தொடங்கிவிடும் என்று நிஸ்தார் உள்ளதைச் சொன்னார். தூசியும் வெயிலும் பட்டால் எப்படி என்று அடுத்த கேள்வி வந்தது. குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவனுக்கு இது எதற்கென்று நிஸ்தாருக்கு விளங்கவில்லை. அப்படியானால் இன்னும் சீக்கிரம் போய்விடும் என்றார்.

மூன்றாவது ரப்பர் கல் மாதிரி. மேலே இலேசான பிசுபிசுப்பு; மட்டையைக் கவிழ்த்தாலும் பந்து ஒரு கணம் ஒட்டி நின்றுதான் விழும். துடைத்து உறை போட்டு வைத்தால் ஒரு வருடத்துக்கு மேல் பாவிக்கலாம். ஜெயரூபன் இதில் இரண்டு பந்துதான் அடித்தான். கை உடைந்துவிடும் போலிருக்கிறது என்று சிரித்துவிட்டு, இதிலும் அதே மாதிரிப் போடச் சொன்னான்.

நிஸ்தார் போட்ட முதல் பந்து அவன் மட்டையில் பட்டு வலைக்குள் போனது. அடுத்தது அலுமாரிப் பக்கம் பறந்தது. மூன்றாவது பந்து மட்டையில் படவே இல்லை. பத்துப் பந்தில் ஒன்றைக்கூட அவனால் ஒழுங்காகத் திருப்ப முடியவில்லை.

தோற்றவன் முகமாகவே இல்லை அது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இதையே வெட்டி ஒட்டித் தாங்க" என்றான்.

நிஸ்தாருக்கு மனம் கேட்கவில்லை. தடுத்து ஆடுகிறவன் இவன். இந்த ரப்பர் எதிராளியின் சுழலை அப்படியே வாங்கிப் பந்தை மேலே தூக்கிவிடும். யோகராசாவுக்கு அது அடித்து முடிக்க வாகான பந்து. இதை விற்காமல் விட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது. பக்கத்தில் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"ரூபன், கடைக்காரனா இதச் சொல்லல்ல. இந்த ரப்பர் உங்கட ஆட்டத்துக்கு ஒத்து வராது. விடிஞ்சா மெச். நாளைக்கு நீங்க வெல்லோணும் எண்டுதான் நானும் இரிக்கன்."

"தெரியும் நாநா. எண்டாலும் இதுதான் வேணும்."

நிஸ்தார் பெருமூச்சோடு பசைப் போத்தலைத் திறந்தார். கத்தரிக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒட்ட வேண்டிய மட்டைக்காகக் கையை நீட்டினார். ஜெயரூபன் பையைத் திறந்து ஒரு மட்டையை எடுத்துக் கொடுத்தான். ரப்பர் நடுவில் கிழிந்து, ஓரமெல்லாம் கிளம்பிக் கிடந்தது. மரப்பிடியில் நீல மையால் யோகராசாவின் பெயர் எழுதியிருந்தது.

நிஸ்தார் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"உழவு மிசின்ல இரிந்து விழுந்து நசிஞ்சி போச்சாம். வேளாண்மை வெட்டு நேரம், டவுனுக்கு வர அவருக்கு ஏலாது, இதோடயே ஆடுறன் எண்டு நிண்டார்" என்றான் ஜெயரூபன். "அதான் நாநா, உங்களப் போடச் சொல்லிப் பார்த்தன், எனக்குத் திருப்பவே ஏலாதது எது எண்டு."